அடுப்புக் குமிழ் மூன்று

சேதி கொண்டுவந்தவர் ஒச்சப்பன். லேத்துகள் எல்லாம் ஓட ஆரம்பித்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாத நேரம். வார்ப்புகளைச் சுத்தம் செய்கிற கொட்டகையில் இருக்க வேண்டிய மனிதர் என் பக்கம் வந்து நிற்கிறாரே என்று எனக்கு எரிச்சல். "என்னய்யா, உளிய வச்சுட்டு இங்கிட்டு என்ன வேடிக்கை?" என்று அதட்டினேன். அவர் வாய் அசைந்தது. "சத்தமாச் சொல்லும்யா!" என்றேன். "பாண்டியய்யா போயிட்டாக" என்று கத்தினார். கத்திச் சொல்ல வேண்டிய சேதியா அது? "எங்க போனாரு? காய்ச்சல்னுதானே ஊருக்குப் போனாரு?" என்று நானும் திருப்பிக் கத்தினேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒவ்வொரு லேத்தாக நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

பழங்காநத்தம் பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்குச் சௌந்தரபாண்டியன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கிணற்றுப் பம்பு செய்கிற எங்கள் பட்டறையின் டிராயிங்காரர். சென்னையில் இயந்திரப் படம் வரையப் படித்துவிட்டு, ரயில்வே பட்டறை ஒன்றில் சில காலம் இருந்துவிட்டு, யுத்தம் தொடங்கிச் சீமைப் பம்புகள் வருவது நின்றுபோன சமயத்தில் எங்களிடம் வந்தார். சொந்த ஊர் திருவாதவூர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர். அதனால் நான் "அண்ணே" என்பேன், அவர் "மாப்ள" என்பார். உறவு ஒன்றும் கிடையாது. இரும்பை வெட்டுகிற பகுதிக்கு நான் போர்மேன். எந்த இரும்பை, எப்படி வார்க்க வேண்டும் என்று வரைகிறவர் அவர். இந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதாக எந்தப் பட்டறையிலும் சரித்திரம் இல்லை. எங்களுக்கும் ஒத்துப்போகவில்லை.

அவர் முதன்முதலில் வரைந்த பம்பு உடம்பின் படத்தை என் முன்னால் விரித்தபோது நான் சிரித்துவிட்டேன். கிணற்றுப் பம்பின் உடம்பு பார்ப்பதற்குச் சங்கு மாதிரி இருக்கும். வழவழவென்று வளைந்து போகிற அந்தச் சங்கின் அடியில் மூன்று குமிழ், பக்கத்தில் இரண்டு, கடைசியில் ஒன்று என்று போட்டிருந்தார். பம்புக்கு அவற்றால் ஒரு உபயோகமும் இல்லை. தண்ணீர் அவற்றின் வழியாகப் போகாது. ஆணி அவற்றில் ஏறாது. "என்னண்ணே, இரும்புக்குக் கழலையா?" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "வார்ப்பு ஒன் லேத்துக்கு வந்ததும் மொதல்ல என்ன செய்வ?" என்று கேட்டார்.

என்ன செய்வேன் என்பது அவருக்கும் தெரியும். உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றி எடுப்பதால், வார்ப்பு என்பது மணலில் பிறந்த பிள்ளை. மேலச்சும் கீழச்சும் ஒரு நூல் விலகினாலும் மேனி கோணிவிடும். அதற்குச் சுண்ணாம்பு பூசி, மட்டம் பார்த்து, கோடு கீறி, லேத்தில் ஏற்றி, இங்கே ஒரு தகரத் துண்டு அங்கே ஒரு மரச் சீவல் என்று முட்டுக் கொடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி நேர் செய்வோம். ஒரு வார்ப்பை உட்கார வைக்கவே அரை நாள் போகும். அவ்வளவும் செய்து துளை போட்டால், ஒரு பக்கச் சுவர் தடியாகவும் மறுபக்கம் அப்பளமாகவும் வந்து நிற்கும். நான் அதைப் பெருமையாகத்தான் சொன்னேன். தகரம் வைத்து நேர் செய்வதில் என் ஆட்களை மிஞ்ச மதுரையில் ஆள் இல்லை என்றேன். அவர் சொன்னார்: "எது மேல உக்காருதுன்னு மொதல்ல சொல்லு மாப்ள. எங்கிட்டு வெட்டணும்னு பெறகு பேசுவம்."

இந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்காதவர் எங்கள் பட்டறையில் யாரும் இருக்க முடியாது. காப்பிக் கடையில் மேசையை ஆட்டிப் பார்க்காமல் டம்ளரை வைக்க மாட்டார். ஒருவர் வந்து இன்னொருவரைப் பற்றிப் புகார் சொன்னால்கூட, "அது சரி, இது எது மேல உக்காந்திருக்கு?" என்றுதான் கேட்பார். எனக்கு அது கேட்கக் கேட்க எரிச்சலாக இருக்கும்.

அடியில் குமிழ்கள் ஏன் மூன்று என்பது எனக்கு விளங்கியது பட்டறையில் அல்ல, அழகர்கோவிலில். ஆடி மாதத்தில் ஒருநாள் பட்டறைக் குடும்பங்கள் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு போயிருந்தோம். மலையடியில் மரத்தடி பார்த்துப் பெண்கள் கல் கூட்டிப் பொங்கல் வைத்தார்கள். பானை பெரியது, மூன்று கல்லில் நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். உபகாரம் செய்கிறேன் பேர்வழி என்று நாலாவதாக ஒரு கல்லைத் தூக்கி வந்து பானைக்கு அடியில் செருகினேன். பானை ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் இறங்கி, ஆடத் தொடங்கியது. உலைநீர் தளும்பி நெருப்பில் கொட்டிப் பாதி அணைந்தது. பாண்டியனின் மனைவி கரண்டியோடு எழுந்து வந்தார். "யாரு இங்க நாலாங்கல்லு வச்சது? வீட்டு அடுப்புல பானை உக்கார எத்தன குமிழு இருக்குன்னு பாத்ததே இல்லையா?" என்றார். மதினிமார்கள் எல்லாரும் சிரித்தார்கள். பாண்டியன் மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "சரிண்ணே, வெளங்குச்சு. வாயத் தொறக்காதீக" என்றேன்.

விளங்கியதைச் செய்து காட்டுவது வேறு விஷயம். குமிழ்களை எங்கே வைப்பது என்பதில்தான் அவர் உயிரைக் கொடுத்தார். அச்சுப் பிடிக்கிறவர்களோடு மணலில் உட்கார்ந்து, பம்பின் உட்பள்ளம் விழுவதற்காக வைக்கும் மணற்கட்டி எந்தப் பாதி அச்சில் உட்காருகிறது என்று பார்ப்பார். எல்லாக் குமிழும் அதே பாதியில்தான் வர வேண்டும் என்பார். மேல்பாதி விலகினால் விலகிவிட்டுப் போகட்டும். குமிழும் பள்ளமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் இருந்தால் சுவர் கோணாது என்பது அவர் கணக்கு. இரும்பு ஊற்றுகிற வாயின் அருகில் வைக்கக் கூடாது, வெட்டிப் போகிற இடத்தில் வைக்கக் கூடாது, ஒன்றுக்கொன்று முடிந்தவரை தள்ளி வைக்க வேண்டும் என்று இன்னும் ஆயிரம் சொல்வார். மரத்தில் மாதிரி செய்கிற ஆசாரி, "பொண்ணுக்கு நகை பூட்டுற மாதிரி பாத்துப் பாத்து வைக்கிறீகளே" என்று அலுத்துக்கொள்வார். அந்தக் குமிழ்களுக்கு ஏற்றபடி லேத்தில் பூட்ட ஒரு தாங்கியை நான் செய்தேன். வார்ப்பைத் தூக்கி அதில் வைத்தால் போதும். தகரம் வேண்டாம், சீவல் வேண்டாம், சுத்தியல் வேண்டாம்.

முதலாளிக்கு இதில் பாதி நம்பிக்கைதான். ஒரே ஒரு தொகுதி பம்புகளை இந்த முறையில் வார்க்கச் சம்மதித்தார். இரும்புக்குப் பர்மிட் வாங்குவதே பெரும்பாடாக இருந்த காலம். "இது வீணாப்போச்சுன்னா பழையபடிதான் நடக்கும். ஒங்களுக்கும் இங்க வேலை இருக்காது. முன்னாடியே சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பாண்டியன் அப்போதுதான் அண்ணனோடு மனஸ்தாபப்பட்டு, சொத்தில் தன் பாகத்தை உதறிவிட்டு, மனைவி மக்களைத் திருவாதவூரிலிருந்து பழங்காநத்தத்துக்குக் கூட்டி வந்திருந்தார். இங்கே வேலை போனால், அந்த அண்ணன் வாசலில்தான் போய் நிற்க வேண்டும். அது அவருக்குச் சாவைவிடக் கொடுமை என்று எனக்குத் தெரியும்.

வார்ப்புகள் நன்றாக வந்தன. குமிழ்கள் முத்து முத்தாக விழுந்திருந்தன. பூஜை முடிந்த மறுநாள் லேத்தில் ஏற்றுவது என்று முடிவு.

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லேத்துகளைத் துடைத்து எண்ணெய் போட்டு, வாழைக்கன்று கட்டி, பொரி கடலை படைத்து, உளியிலிருந்து பென்சில் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். அன்று காலை குளித்துவிட்டுப் போனேன். சாமி படத்துக்கு முன்னால் பம்பு உடம்புகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெரிய சந்தனப் பொட்டு. கல்யாணப் பிள்ளை கன்னம் மாதிரி வழவழவென்று இருந்தன. அந்த வழவழப்பைப் பார்த்ததும் ஏதோ குறைகிறது என்று பட்டது. ஒன்றைப் புரட்டினேன். அடியில் குமிழ் இல்லை. அடுத்ததைப் புரட்டினேன். அதிலும் இல்லை. ஒச்சப்பனின் ஆட்கள் எல்லாக் குமிழையும் உளியால் தட்டி, அரத்தால் ராவி, தடம் தெரியாமல் செய்திருந்தார்கள்.

நான் போட்ட கூச்சலில் வாழைக்கன்றே சாய்ந்திருக்கும். ஒச்சப்பன் ஓடி வந்தார். வார்ப்பில் இருக்கும் பிசிறையும் கட்டியையும் தட்டி எடுப்பதுதானே அவர் வேலை? "சாமி முன்னாடி வைக்கிறதாச்சேன்னு ராத்திரியெல்லாம் கூட வேலை பாத்துச் சுத்தம் செஞ்சமய்யா. அம்புட்டுலயும் ஒரே எடத்துல கட்டி இருந்துச்சு. அச்சுல பிசகுன்னு நெனச்சோம்" என்றார். முதலாளி பட்டு வேட்டியோடு வந்து நின்றார். நல்ல நாளில் கத்தக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, "பூஜை முடியட்டும். நாளைக்குப் பேசிக்குவோம்" என்று பாண்டியனிடம் சொன்னார். என்ன பேசுவார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பாண்டியன் ஒச்சப்பனைத் திட்டவில்லை. முதலாளியிடம், "பிசகு என்னுதுங்க. அது எதுக்குன்னு அச்சுக்காரங்களுக்குச் சொன்னேன், லேத்துக்காரங்களுக்குச் சொன்னேன். இவுகளுக்குச் சொல்லல" என்றார். அப்படிச் சொன்ன குரலில் வருத்தம் இருந்ததே தவிர நடிப்பு இல்லை. எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஒச்சப்பனை விட்டுக்கொடுத்திருந்தால் அவர் தப்பித்திருக்கலாம்.

பூஜை நாளில் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. சுத்தியலுக்கும் அன்றைக்கு ஓய்வு, அளவுகோலுக்கும் ஓய்வு. எல்லாரும் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பாண்டியன் போகவில்லை. மணல் குவியலுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு பம்பு உடம்பை மடியில் போட்டுக்கொண்டு, அதன் வாய்க்குள் கையை விட்டு உள்ளே தடவிக்கொண்டே இருந்தார். நானும் போகவில்லை. மனிதரை அந்தக் கோலத்தில் விட்டுப் போக மனசு வரவில்லை. "அண்ணே, சாப்பிடவாவது வாங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. வெகுநேரம் கழித்து, "மாப்ள, நாம குமிழு வச்சது எதுக்காக?" என்றார். "நேரா உக்காரத்தான்." "எது நேரா?" "உள்பள்ளம்." "அந்தப் பள்ளம் எங்கிட்டும் போகலையே. அதுல யாரும் உளி வைக்கலையே" என்றார்.

பென்சில் சாமிக்கு முன்னால் இருந்தது. அதனால் மணலைத் தட்டி மட்டமாக்கி, விரலாலேயே வரைந்தார். குமிழ் வார்ப்பின் மேல் இல்லாவிட்டால் என்ன, தாங்கியின் மேல் வைத்துவிடலாம். மூன்று இரும்புக் கொம்பு வைத்த ஒரு தாங்கி. அதன் மேல் வார்ப்பைப் பானை கவிழ்க்கிற மாதிரி கவிழ்த்துவிட வேண்டும். கொம்புகள் வாய் வழியாக உள்ளே போய்ப் பள்ளத்தின் பின்சுவரில் மூன்று இடத்தில் தொடும். அப்படி உட்கார்ந்த நிலையில் பம்பின் பாதத்தை மட்டும் ஒரே வெட்டாக மட்டம் வெட்டிவிடலாம். பிறகு அந்த வெட்டிய பாதத்தின் மேல் உட்கார வைத்து மற்ற எல்லா வேலையும் நடக்கும். கொம்பு உள்ளே நுழைகிற அளவு ஒல்லியாக இருந்தால் வெட்டும்போது அதிரும் என்றேன். "அப்ப நீதான் சொல்லணும்" என்றார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவர் வரைந்ததை என் விரலால் அழித்து, கொம்புகளைக் குட்டையாக்கி அடியைப் பெரிதாக்கினேன். அவர் அதை அழித்து வேறு மாதிரி போட்டார். பொழுது சாயும்வரை மணலில் அழித்தும் எழுதியும் சண்டை போட்டோம். என் ஆயுளில் அப்படி ஒரு சந்தோஷமான ஆயுத பூஜை வந்ததில்லை.

விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் முதல் வெட்டு அந்தத் தாங்கிக்குத்தான். அது தயாராகி, முதல் பம்பை ஏற்றிப் பாதத்தை வெட்டி, துளையும் போட்டு முடிக்கும்வரை முதலாளி என் பக்கத்திலேயே நின்றார். அவரைப் பேசவிடாமல், "இது ஒண்ணு மட்டும் முடியட்டும்ங்க" என்று நான்தான் கெஞ்சி வைத்திருந்தேன். பாண்டியன் தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். கிட்டே வரவில்லை. இறக்கி, சுவரை நான்கு பக்கமும் அளந்தேன். ஒரே தடிமன். மறுபடி அளந்தேன். "அண்ணே, சரியா இருக்குண்ணே! நீங்க சொன்னது சரிண்ணே!" என்று பட்டறையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ஒச்சப்பன் வெளியே போய் மூக்கைச் சிந்தினார். முதலாளி அடுத்த வாரம் அடுத்த தொகுதிக்கான பர்மிட் தாளைக் கொண்டுவந்து பாண்டியனின் மேசையில் வைத்துவிட்டு, "குமிழு வச்சே வரைங்க" என்றார். மன்னிப்புக் கேட்பது அவருக்கு அப்படித்தான் வரும்.

அந்தத் தொகுதி வார்ப்பதற்கு முன்னால் பாண்டியன் சுத்தம் செய்கிற கொட்டகைக்குப் போய், ஆட்களோடு தரையில் உட்கார்ந்தார். "ஒங்க வீட்டு அடுப்புல குமிழு இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். "அத யாராச்சும் ஒடப்பீகளா?" ஒச்சப்பன் பதறிப்போய், "அடுப்புக் குமிழ ஒடச்சா குடும்பம் வெளங்குமாய்யா?" என்றார். "இதுவும் அடுப்புக் குமிழுதான். பம்பு இது மேலதான் உக்காந்து வேகும்" என்றார் பாண்டியன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் பட்டறையில் ஒரு குமிழின் மேலும் உளி பட்டதில்லை. சொல்லப்போனால் எல்லை மீறியே போய்விட்டது. எல்லா வெட்டும் முடிந்தபின் அவற்றைத் தட்டி எடுத்துவிடலாம், பார்க்க அழகாக இருக்கும் என்று நான் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒச்சப்பன் மாட்டேன் என்றுவிட்டார். பாண்டியனிடம் புகார் சொன்னால், "இருக்கட்டும் மாப்ள. ரிப்பேருக்கு வந்தா மறுபடி உக்கார எடம் வேணும்ல" என்று அவருக்கே வக்காலத்து வாங்குவார். அதனால்தான் எங்கள் பம்புகள் இன்றைக்கும் கழலையோடு போகின்றன.

இவ்வளவு சொன்னதால் அவர் சாந்த சொரூபி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெட்டாத கரடான முகத்தின் மேல் இரண்டாவது தடவை ஒரு வார்ப்பை உட்கார வைத்துவிட்டான் என் ஆள் ஒருவன். அதற்காக என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். "மணல் முகத்த ஒரு தடவைதான் நம்பலாம். அடுத்த தடவ நம்பினா ரெண்டு தப்பும் சேந்து ஒரு பெரிய தப்பாகும்" என்பது அவர் சட்டம். பேசாத அந்த மாதம் முழுவதும் காப்பிக் கடையில் எனக்கும் சேர்த்து மேசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்.

சேதி வந்த அன்று பட்டறையை அடைத்துவிட்டு எல்லாரும் திருவாதவூர் போனோம். காய்ச்சல் வந்ததும் அண்ணனே வண்டி கட்டிக்கொண்டு வந்து அவரை ஊருக்கு அழைத்துப் போயிருந்தார். மனஸ்தாபம் எப்போது தீர்ந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த அண்ணன்தான் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் ஒரு பெஞ்சில் பாண்டியனைக் கிடத்தியிருந்தார்கள். மண் தரை, மேடு பள்ளம். ஒவ்வொருவரும் குனிந்து மாலை போடும்போது பெஞ்சு ஒரு பக்கம் சாய்ந்து 'டக்'கென்றது. எழுந்தால் மறுபக்கம் சாய்ந்து 'டக்'கென்றது. அழுகைச் சத்தத்தில் யாருக்கும் அது கேட்கவில்லை. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

என்னால் பொறுக்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் ஓட்டுச்சில்லு ஒன்றைப் பொறுக்கி வந்து, மாலைகளுக்கு நடுவே மண்டிபோட்டு, ஆடுகிற காலுக்கு அடியில் செருகினேன். சரியாக வரவில்லை. அப்போது என் பக்கத்தில் இன்னொரு கை வந்தது. ஒச்சப்பன். சில்லை வாங்கி, உளி பிடித்துக் காய்த்த அந்த விரலாலேயே ஓரத்தைக் கிள்ளிச் சின்னதாக்கி வைத்தார். நான் பெஞ்சை அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை. "நாலு காலு வச்சா ஆடத்தான் செய்யும் மாப்ள" என்று பாண்டியன் சொல்லியிருப்பார். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் மனைவி, எங்கள் மதினி, தலைமாட்டிலிருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "இப்ப நேரா இருக்காகளா?" என்று கேட்டார். "நேரா இருக்காக மதினி" என்றேன்.

அவருடைய படங்கள் பட்டறையில் இருக்கின்றன. அவை முதலாளிக்குச் சொந்தம். தாங்கிகள் லேத்துகளுக்குச் சொந்தம். அவரிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். நேற்று என் ஆள் ஒருவன் இன்னொருவன்மேல் புகார் கொண்டுவந்தான். வழக்கம்போல் அதட்ட வாயைத் திறந்தேன். "இது எது மேல உக்காந்திருக்கு?" என்று கேட்டது என் குரல்தான்.